ஒரு கிழமைக்குள் மறுப்பு இல்லையென்றால்

எனக்குச் சண்டை சச்சரவு ஒத்துவராது. வீட்டில் கறிக்கு உப்புக் கூடிவிட்டது என்றுகூட நான் சொல்வதில்லை. தண்ணீர் கொஞ்சம் கூடக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவேன். சுன்னாகத்தில் என்னைத் தெரிந்தவர்கள் எவரிடம் விசாரித்தாலும் இதைத்தான் சொல்வார்கள். சோமசேகரம் ஒருவரோடும் கொளுவமாட்டார், எல்லாரையும் அணைத்துப் போகிற மனுசன் என்பார்கள். நேற்று நீங்கள் பொலிஸ் நிலையத்தில் எனக்குக் கதிரை தந்து, தேத்தண்ணியும் வரவழைத்து, ஒரேயொரு கேள்வி கேட்டீர்கள். உயிர்த்த ஞாயிறு பின்னேரம் ஜெயதீபன் எதற்காக எனக்குத் தொலைபேசி எடுத்தான் என்பது அந்தக் கேள்வி. மறுநாள் காலை தன் மனைவி நிரோஜாவைக் கொன்றவன் அவன் என்பதால் நீங்கள் கேட்பது நியாயம்தான். வாயால் சொன்னால் முன்னுக்குப் பின் மாறிவிடும், எழுதித் தருகிறேன் என்றேன். நீங்களும் சரி என்றீர்கள். இப்படி ஒருவருக்கொருவர் சம்மதித்துச் செய்கிற காரியம் எதுவும் எனக்குப் பிடிக்கும்.

நான் ஏன் இப்படி ஆனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் எங்கள் சொந்தக்காரர் நடத்திய கோயில் ஒன்று இருந்தது. ஒருமுறை கொடியேற்றத்துக்கு முன்பு கூடிய கூட்டத்தில், யாருக்கு முதல் மரியாதையாகக் காளாஞ்சி கொடுப்பது என்று எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். என் தகப்பனார் ஒருவர் மட்டும் எழுந்து நின்று முடியாது என்றார். அது வழக்காகி, கோயிலைப் பூட்டச் சொல்லி நீதிமன்றம் கட்டளையிட்டு, நான் பள்ளிக்கூடம் முடித்து வெளியேறும்வரை அந்தப் பூட்டுத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அம்மா வீதியில் நின்று சாத்திய கதவைக் கும்பிட்டுவிட்டு வருவார். ஒரு ஆளுடைய 'முடியாது' எத்தனை பேரை வெளியே நிறுத்திவிடும் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பூட்டிய கதவைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும். தகப்பனாருடைய செத்தவீட்டில்கூட நான் அழவில்லை.

இனி பேழையைப் பற்றி. அது ஒரு தரவுத்தளம். பெயர்கள், விலாசங்கள், மீன் நிறுவைக் கணக்கு, மருந்து எடுத்த திகதி என்று எதையும் அட்டவணை அட்டவணையாகப் போட்டு வைக்கலாம். திறந்த மூலம் என்பதால் யாரும் எடுத்துப் பாவிக்கலாம், யாரும் திருத்தலாம், அதற்கு முதலாளி என்று ஒருவர் இல்லை. கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் நான் தொடங்கியது. பிறகு ரொறன்ரோவிலிருந்து பார்த்தீபன் சேர்ந்தார், குருநகரிலிருந்து வசந்தினி சேர்ந்தாள், இன்னும் பலர் அங்கும் இங்கும். ஊரோடு வந்த பிறகு என் வீட்டுப் பின்னறையில் ஒரு சேர்வர் வைத்து, இங்குள்ள சில சங்கங்களும் நிலையங்களும் தங்கள் விபரங்களை அதில் வைத்துக்கொள்ள இடம் கொடுத்தேன். ஒரே சேர்வர், ஆனால் ஆளுக்கொரு அறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாளி இல்லாத இடத்தில் முடிவு எப்படி எடுப்பது என்று நீங்கள் கேட்கலாம். வாக்கெடுப்பு எனக்கு வேண்டாம். வாக்கெடுத்தால் தோற்றவன் என்று ஒருவன் வந்துவிடுவான். எங்கள் முறை வேறு. ஒரு யோசனையை மின்னஞ்சல் குழுவில் எழுதிப் போடுவோம். ஒரு கிழமைக்குள், அதாவது ஏழு நாளுக்குள், உறுப்பினர் எவரும் எழுத்தில் மறுக்காவிட்டால் எல்லோரும் உடன்பட்டதாகக் கொள்வோம். ஒருவர் மறுத்தாலும் யோசனை நிற்கும், திரும்பப் பேசுவோம். இந்த முறையை எழுதிச் சேர்த்தவன் நான். பேழை தொடங்கியதிலிருந்து எங்களுக்குள் ஒருதரம்கூட வாக்கெடுப்பு நடந்ததில்லை. அது என் வாழ்நாள் பெருமை என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பிரச்சினை அனுமதி விதிகளில் வந்தது. யார் எந்த அட்டவணையைப் பார்க்கலாம் என்று சொல்வதுதான் அனுமதி விதி. விதி எழுதப்பட்டிருந்தால் சிக்கலில்லை. எழுதாமல் விட்ட அட்டவணையை என்ன செய்வது? பழைய பேழையில் அது மூடிக் கிடக்கும். அதை உருவாக்கியவரைத் தவிர மற்றவர் கண்ணுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. திறப்பதற்குத்தான் விதி எழுதவேண்டும். புதிதாக வருகிறவர்கள் இதோடு மல்லுக்கட்டிக் களைத்துப் போனார்கள். போட்ட சாமானைக் காணவில்லை என்று எனக்குத்தான் முறையிடுவார்கள். ஆகவே அடுத்த பதிப்பில் மாற்றுவோம் என்றார் பார்த்தீபன். விதி இல்லாத அட்டவணை சேர்வரில் உள்ள எல்லோருக்கும் திறந்திருக்கும். மூடவேண்டியவர் விதி எழுதி மூடட்டும். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. திறந்த கதவுக்கு நான் எப்போதும் ஆதரவு.

வசந்தினி மறுத்தாள். அடுத்தமுறை சொல்லைக் கொஞ்சம் மாற்றிப் போட்டோம், அப்போதும் மறுத்தாள். பிறகு மற்றவர்கள் எல்லோரும் நல்லது என்று எழுத, அவள் மட்டும் ஒற்றைக்காலில் நின்றாள். பார்த்தீபன் பொறுமையிழந்து எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"சோமண்ணை, உங்கடை மரியாதைக்காகத்தான் பொறுத்துக்கொண்டிருக்கிறன். இந்தமுறையும் இழுபட்டால் நான் பிரதியை எடுத்துக்கொண்டு தனியப் போறன். என்னோடை வரக்கூடிய ஆக்கள் இருக்கினம்."

திறந்த மூலத்தில் அப்படிப் பிரிந்து போவது குற்றமில்லை. ஆனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பேழை இரண்டாகப் போவது, எங்கள் கோயில் போனது மாதிரித்தான்.

வசந்தினியோடு நேரில் கதைப்போம் என்று போனேன். அவள் குருநகரில் தாயார் செபஸ்தியம்மாவோடு இருந்தாலும், வேலை செய்வது மருதனார்மடத்துக்கு அப்பால் ஒரு வீட்டில். வெளியில் பெயர்ப்பலகை கிடையாது. புருசன்மாரின் அடி உதைக்குத் தப்பி வந்த பெண்களை அங்கே மறைத்து வைத்திருந்தார்கள். அவர்களுடைய விபரங்கள் என் சேர்வரில், விதி எழுதாத அட்டவணை ஒன்றில் கிடந்தன. பழைய பேழையில் மூடுவதற்கு விதி என்ற ஒன்று இல்லை. சும்மா விட்டாலே மூடியிருக்கும் என்பதால் தேவைப்படவுமில்லை.

முன்னறையில் ஒரு பிள்ளை கணினியில் தட்டச்சுப் பழகிக்கொண்டிருந்தது. இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காதபடியால் மற்ற விரல்களால் எட்டி எட்டி அடித்தது. எனக்கு இஞ்சி போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்ததும் அந்தப் பிள்ளைதான். அதுதான் நிரோஜா. தட்டச்சுப் பழகும் சாட்டில் எங்கள் மின்னஞ்சல் குழுவையும் வாசிக்க விட்டிருப்பதாக வசந்தினி சொன்னாள். பிள்ளை உள்ளே போனபிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"அண்ணை, இதைக் குழுவிலை எழுதேலாது, அதுதான் உங்களிட்டை மட்டும் சொல்லுறன். இவவின்ரை மனுசன் வடக்குப் பக்கத்துக் கடற்றொழில் சங்கத்திலை கிளாக்கர். ஜெயதீபன் எண்டு பேர். அந்தச் சங்கமும் உங்கடை சேர்வரிலைதான் இருக்கு. இண்டைக்கு அவன் தன்ரை கணக்குக்குள்ளை போனால் மீன் கணக்கு மட்டுந்தான் தெரியும். நீங்கள் சொல்லுற மாதிரி மாத்தினால், எங்கடை அட்டவணையும் தெரியும். இந்த வீட்டு விலாசமும் தெரியும்."

"நீங்கள் விதி எழுதி மூடலாந்தானே, பிள்ளை?"

"மாத்தின பிறகுதானே எழுதலாம். மாத்திற நேரத்துக்கும் நாங்கள் எழுதிற நேரத்துக்கும் இடையிலை திறந்துதானே கிடக்கும்? பழைய அட்டவணையளை மூடினபடி விட்டிட்டு, புதுசா வாறதுகளை மட்டும் திறந்து விடுங்கோவன். அப்பிடியெண்டால் நான் மறுக்கமாட்டன்."

நல்ல யோசனை என்றேன். உண்மையில் அது நல்ல யோசனைதான். புறப்படும்போது படலைவரை கூட வந்தாள். உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்திய பெரிய கிழமை வருகிறது, அது முடியட்டும், பிறகு இருந்து கதைப்போம் என்றாள். நான் ஓம் என்றேன். பிறகு கதைப்பதற்கு நான் ஒருபோதும் மறுத்ததில்லை. இன்றைக்கும் தயாராகவே இருக்கிறேன்.

அவர்களுடைய குருநகர் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வசந்தினியின் தமையனுடைய வள்ளம் ஒருமுறை கடலில் காணாமல் போய், எல்லோரும் கைவிட்ட பிறகு கரை சேர்ந்தது. அதற்குச் செபஸ்தியம்மா வைத்த நேர்த்தி: குருத்தோலை ஞாயிறு காலை பூசைக்குப் போகுமுன் வீட்டிலுள்ள தொலைபேசி, கணினி எல்லாவற்றையும் அலுமாரியில் வைத்துப் பூட்டினால், உயிர்த்த ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வெளியே எடுப்பார்கள். அந்தக் கிழமை முழுக்க வேலைக்கும் போவதில்லை. கோயில், வியாகுலப் பிரசங்கம், கஞ்சி, அவ்வளவுதான். ஒரு உயிர்த்த ஞாயிறு நான் அவர்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். அலுமாரி திறக்கும்போது பிள்ளைகள் சுற்றி நின்று சிரிப்பார்கள். அழகான வழக்கம்.

இந்த வருடக் குருத்தோலை ஞாயிறு காலை, பூசை மணி அடித்திருக்கக்கூடிய நேரத்தில், நான் யோசனையைக் குழுவில் போட்டேன்.

இதை நான் ஒளிக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். நேரமும் திகதியும் எல்லோரும் பார்க்கக்கூடியபடி இருக்கின்றன. குருத்தோலை ஞாயிற்றில் யோசனை போடக்கூடாது என்று எங்கள் முறையில் எங்கும் எழுதியிருக்கவில்லை. பழைய அட்டவணைகளை மூடியபடி விடுவோம் என்ற வசந்தினியின் வரியை என் வரைவில் முதலில் சேர்த்திருந்தேன். பார்த்தீபனுக்கு அது பிடிக்காது, அதற்கு ஒரு விவாதம் கிளம்பும், விவாதம் கிளம்பினால் கிழமை நீளும் என்று தோன்றியதும் எடுத்துவிட்டேன். சுத்தமான, சிறிய யோசனையாக இருந்தது. நல்லது, நல்லது என்று பதில்கள் வந்தன. பார்த்தீபன் எனக்குத் தனியாக நன்றி எழுதியிருந்தார். கன நாட்களுக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

உயிர்த்த ஞாயிறு காலை கிழமை முடிந்தது. உறுப்பினர் ஒருவரும் எழுத்தில் மறுக்கவில்லை. உடன்பாடு எட்டியதாக அறிவித்துப் புதிய பதிப்பை வெளியிட்டேன். மத்தியானத்துக்கு முன்பே என் சேர்வரையும் புதிய பதிப்புக்கு மாற்றினேன்.

மாற்றுவதற்கு முன்பு அந்த ஒரு அட்டவணையை மட்டும் நான் வேறிடத்துக்கு எடுத்து வைத்திருக்கலாம் என்று வசந்தினி இப்போது எல்லோரிடமும் சொல்கிறாளாம். சரிதான். தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிகிற வேலை. ஆனால் என்னுடைய நிலையிலிருந்து பாருங்கள். உலகத்துக்கெல்லாம் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு என் சொந்தச் சேர்வரில் நானே பூட்டுப் போட்டால், மற்றவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது? அதோடு, திறந்து வைத்தும் ஒன்றும் நடக்கவில்லை என்று காட்டினால் வசந்தினியின் பயமும் தானாகத் தெளியும் என்று நினைத்தேன். அவளுடைய நன்மையையும் யோசித்துத்தான் செய்தேன்.

இனி நீங்கள் கேட்ட அழைப்பு. பின்னேரம் நான் சாய்மனைக் கதிரையில் இருந்தேன். என் மனைவி கனகாம்பிகை பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தொலைபேசி அடித்தது.

"சோமண்ணையோ? நான் ஜெயதீபன் கதைக்கிறன், சங்கத்திலையிருந்து."

"சொல்லுங்கோ தம்பி."

"இல்லை, மீன் கணக்குப் பதிவமெண்டு போனன். புதுசா ஒரு அட்டவணை தெரியுது. எங்கடையில்லைப் போலை. பொம்பிளையளின்ரை பேர், விலாசமெண்டு தலைப்புப் போட்டிருக்கு. நான் இன்னும் உள்ளை போகேல்லை. அதை நான் பாக்கலாமோ?"

மரியாதையான பையன். மற்றவர்கள் என்றால் கேட்டிருக்கமாட்டார்கள். அவன் யார் என்று எனக்குத் தெரியும். அவன் எதைக் கேட்கிறான் என்பதும் தெரியும். வேண்டாம் தம்பி, அது பிழையாகத் திறந்துவிட்டது என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அது பிழையாகத் திறக்கவில்லையே, ஐயா. எல்லோரும் உடன்பட்டுத் திறந்தது. விதி இல்லாததை யாரும் பார்க்கலாம் என்று காலையில் அறிவித்துவிட்டுப் பின்னேரம் ஒருவனுக்கு மட்டும் இல்லை என்பது ஓரவஞ்சனை. பார்க்காதே என்று சொன்னால், அங்கே அவனுக்கு வேண்டிய ஒன்று இருக்கிறது என்று நானே காட்டிக்கொடுத்ததாகவும் ஆகியிருக்கும். இவ்வளவையும் அந்தச் சில விநாடிகளில் நிதானமாக யோசித்தேன்.

"உங்களுக்குத் தெரியுதெண்டால் பாக்கலாம், தம்பி. புது ஏற்பாடு அப்பிடித்தான்."

"பிறகு பிழையெண்டு சொல்லமாட்டியள்தானே?"

"இல்லை."

"நல்லது அண்ணை. எதையும் கேட்டுச் செய்தால் பிறகு கதை வராது."

அவன் உங்களுக்குத் தந்த வாக்குமூலத்தில் 'சோமண்ணையிட்டைக் கேட்டுத்தான் பாத்தனான்' என்று சொல்லியிருக்கிறான் என்றீர்கள். அதில் பொய் எதுவும் இல்லை. உங்கள் கேள்விக்கு விடை இவ்வளவுதான். இத்தோடு நான் நிறுத்தலாம். ஆனால் அரைகுறையாக விட்டால் பிறகு ஆளுக்கொரு விதமாகக் கதைப்பார்கள்; அது எனக்கு விருப்பமில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வசந்தினி எடுத்தாள். அலுமாரி திறந்திருந்தது. மூச்சு வாங்கக் கதைத்தாள்.

"அண்ணை, என்ன செய்து வைச்சிருக்கிறியள்? பிறகு கதைப்பமெண்டுதானே சொன்னனாங்கள்?"

"கிழமை முடிஞ்சுது, பிள்ளை. ஒருத்தரும் மறுக்கேல்லை."

தான் இப்போதே விதி எழுதி அட்டவணையை மூடிவிட்டதாகச் சொன்னாள். கெட்டிக்காரி, அது சரியாக மூடியிருந்ததைப் பிறகு பார்த்தேன். அப்படியானால் அட்டவணை திறந்து கிடந்தது ஒரு பின்னேரம் மட்டுந்தான். பிறகு அவள் கேட்டாள்.

"ஆரும் பாத்தவையோ அண்ணை? உண்மையைச் சொல்லுங்கோ. பாத்திருந்தால் இண்டைக்கே நிரோஜாவை வேறை இடத்துக்குக் கொண்டுபோகோணும். ஓட்டோ ஒண்டு சொல்லி வைச்சிருக்கிறன். இல்லையெண்டால் நாளைக்கு ஆறுதலாய்ச் செய்யலாம், இருட்டுக்குள்ளை கூட்டிக்கொண்டு போனால் அந்தப் பிள்ளை பயந்துபோகும்."

நான் ஓம் என்று சொன்னால் என்ன நடக்கும் என்பது எனக்கு விரலில் எண்ணிச் சொல்லக்கூடியதாக இருந்தது. அன்றிரவே அவள் குழுவில் எழுதுவாள். புதிய பதிப்பைத் திரும்பப் பெறவேண்டி வரும். பார்த்தீபன் தன் ஆட்களோடு போய்விடுவார். பேழை இரண்டாகும். என் தகப்பனாருடைய மகன்தானே என்று ஊரும் சொல்லும். இல்லை என்று சொன்னால் ஒரு இரவு ஆறுதலாகக் கழியும்; காலையில் அவர்கள் எப்படியும் இடம் மாற்றத்தான் போகிறார்கள். ஜெயதீபன் பார்த்தானோ, பார்த்தாலும் விளங்கிக்கொண்டானோ, விளங்கினாலும் என்ன செய்யப்போகிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"ஒருத்தரும் பாக்கேல்லை, பிள்ளை. பயப்பிடாதேங்கோ."

"மாதாவே" என்று அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அந்தச் சத்தம்தான் எனக்கு இப்போதும் சிலவேளை காதில் வருகிறது. அப்போது எனக்கும் ஆறுதலாகத்தான் இருந்தது. ஒரு ஆளுடைய மனதை அமைதிப்படுத்துவது நல்ல காரியம் என்றே நினைத்தேன்.

காலையில் வசந்தினி ஓட்டோவோடு போனபோது படலை திறந்து கிடந்ததாம். அவன் எங்கும் ஓடாமல் வீட்டு வாசற்படியிலேயே இருந்தானாம். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெல்லிப்பழை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக முன்பே முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். கவலையாக இருந்தது. கெட்டிக்காரப் பிள்ளை, தட்டச்சு நன்றாகப் பிடிபட்டு வந்தது.

நான் கடமையிலிருந்து ஒதுங்கவில்லை. அடுத்த நாளே குழுவில் எழுதினேன். பேழையைப் பாவிக்கும் இல்லம் ஒன்றில் துக்ககரமான சம்பவம் நடந்தது, அது குடும்பப் பிரச்சினை, புதிய ஏற்பாடு அதற்குக் காரணமில்லை என்பதே என் கருத்து, மாற்றுக் கருத்து உள்ளவர்கள் ஒரு கிழமைக்குள் எழுதலாம் என்றேன். வசந்தினி எழுதவில்லை, அவள் அதற்கு முன்பே குழுவைவிட்டு விலகியிருந்தாள். பார்த்தீபன் இரண்டு வரி அனுதாபம் எழுதினார். மறுப்பு வரவில்லை. ஆகவே அதுவும் எல்லோரும் உடன்பட்ட முடிவாகப் பதிவாகியிருக்கிறது. பேழை உடையவில்லை. இன்றைக்கும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

கனகாம்பிகை செத்தவீட்டுக்குப் போய் வந்த அன்றே உடுப்புகளை எடுத்துக்கொண்டு தெல்லிப்பழையில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். ஏன் என்று சொல்லவில்லை. சொல்லாததை நான் எப்படிக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்வது? வருவார்.

அவர் போனதற்குக் காரணம் இன்னொரு அழைப்பாக இருக்கலாம். அதை நீங்கள் கேட்கவில்லை. அது இல்லத்துத் தொலைபேசியிலிருந்து வந்தது, ஜெயதீபனுடைய தொலைபேசிப் பதிவில் அது இருந்திருக்காது. பெரிய கிழமையில், புதன்கிழமை. அப்போதும் கனகாம்பிகை பக்கத்தில்தான் இருந்தார்.

"அண்ணை, நான் நிரோஜா. வசந்தினி அக்காவின்ரை இடத்திலை. அண்டைக்கு உங்களுக்குத் தேத்தண்ணி தந்தனான்."

"ஓம் பிள்ளை, சொல்லுங்கோ."

"குழுவிலை நீங்கள் எழுதினதை வாசிச்சனான். எனக்கு எல்லாம் விளங்கேல்லை. ஆனால் திறக்கப் போறியளெண்டு விளங்குது. அக்கா உயிர்த்த ஞாயிறு மட்டும் போன் எடுக்கமாட்டா. கோயிலடிக்குப் போய்ச் சொல்லுவமெண்டால் நான் வெளியிலை போகேலாது. அதுமட்டும் பொறுக்கேலாதோ அண்ணை?"

நான் எரிந்து விழவில்லை. பொறுமையாக விளங்கப்படுத்தினேன். மறுப்பு என்றால் உறுப்பினர் ஒருவர் எழுத்தில் குழுவுக்குச் சொல்லவேண்டும், அதுதான் முறை என்றேன்.

"நான் உறுப்பினர் இல்லைத்தானே."

"இல்லை, பிள்ளை."

பிறகு அழுகிற குரலில் கேட்டது.

"அப்ப அவருக்கு நான் இருக்கிற இடம் தெரியவருமோ?"

"அப்பிடி ஒண்டும் வராது. நான் இருக்கிறன்தானே. எல்லாரும் சேர்ந்து யோசிச்சுத்தான் செய்யிறம். சரியோ?"

தொலைபேசியை வைத்த பிறகு, அந்தப் பிள்ளை எதற்காக அழுதது என்று கனகாம்பிகை கேட்டார். ஒன்றுமில்லை, ஒரு சின்னச் சந்தேகம், தீர்த்துவிட்டேன் என்றேன்.

ஐயா, நான் எதையும் ஒளிக்காமல் எழுதிவிட்டேன். அவன் பார்க்கலாம் என்று சொன்னவனும் நான்தான், ஒருவரும் பார்க்கவில்லை என்று சொன்னவனும் நான்தான். வேண்டுமானால் அதற்குரிய பிரிவைப் போட்டு வழக்குப் பதியுங்கள், நான் மறுக்கமாட்டேன். ஆனால் ஒருவருடைய சம்மதத்தையும் மீறி நான் எதையும் செய்தேன் என்று மட்டும் எழுதவேண்டாம். நான் சரியோ என்று கேட்டேன். அந்தப் பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு கொஞ்சம் யோசித்தது. கடைசியில் அதுவும் "ஓம் அண்ணை" என்றுதான் சொன்னது.